நகப்பிறை சொல்லும் வடிவம்

அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல்நாள் நாங்கள் இருவரும் பக்கத்துத் தெரு ப்யூட்டி பார்லருக்குப் போனோம். சுவரில் ஓர் அட்டை. அதில் எட்டு விரல்கள், எட்டு நக வடிவங்கள்: சதுரம், வட்டம், முட்டை, பாதாம், ஊசிமுனை என்று வரிசையாக. அவள் பாதாமைத் தொட்டுக் காட்டினாள்; நானும் அதையே கேட்டேன். வேலை முடிந்ததும் இருவர் கைகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். அவள் விரல்கள் நீண்டு, இழைந்து முடிந்தன. என் விரல்களிலோ நகம் மட்டும் தனியாக ஒட்டவைத்தது போல நின்றது. “உங்களுக்கு மட்டும் ஏன் சித்தி இப்படி?” என்றாள். பதில் தெரியவில்லை. நான்காம் நாள் முருங்கைக்கீரை உருவும்போது வலது ஆள்காட்டி விரலின் நகம் ஓரத்தில் பிளந்து, பிளவு பக்கவாட்டில் சதைமேல் ஓடியது.

வடிவம் எடுபடாமல் போனது ஒரு சேதி, நகம் பிளந்தது வேறொரு சேதி என்றுதான் அப்போது நினைத்தேன். நகத்தின் அமைப்பைப் பற்றிப் படிக்கப் படிக்க, இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று தெரிந்தது. பார்லர் அட்டையில் இருப்பவை எல்லாம் நுனியின் வடிவங்கள். நகத்தின் வடிவமோ அடியிலேயே தொடங்கிவிடுகிறது.

உங்கள் கட்டைவிரல் நகத்தின் அடியைப் பாருங்கள். வெளிர்நிறத்தில் ஒரு பிறை தெரியும். சுண்டுவிரலில் அது தோலுக்குள் ஒளிந்திருக்கலாம். கட்டைவிரலில் பெரும்பாலும் தெரியும். நகத்தை உண்டாக்கும் திசுவில் நம் கண்ணுக்கு எட்டும் பகுதி அந்தப் பிறைதான். மீதி தோல்மடிப்புக்குள் இருக்கிறது. அங்கே பிறக்கும் செல்கள் கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, தட்டையாகி, உயிரிழந்து, பின்னால் வருபவை தள்ளத் தள்ள முன்னே நகர்கின்றன. கைநகம் இப்படி மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகர்கிறது. கால்நகத்துக்கு அதில் பாதி வேகம்தான். விரல்களில் நடுவிரல் நகம் முந்தும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் பின்தங்கும்.

இந்த வேகத்தை அளக்க வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். நகத்தின் அடியில் ஒரு கோடு கீறுவார். அது நுனிக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துக்கொள்வார். இதை 35 ஆண்டுகள் விடாமல் செய்து 1980-ல் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய 32-ஆம் வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67-ஆம் வயதில் 0.095 மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. இப்படிப்பட்ட பொறுமையின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவருடைய கணக்கு நமக்கும் உதவுகிறது. நுனியில் நாம் அரத்தால் தேய்க்கும் விளிம்பு இன்று நேற்றுப் பிறந்ததல்ல. அதற்கு வயது ஐந்தாறு மாதம். அத்தனை மாதப் பாத்திரம் தேய்ப்பையும் துணி துவைப்பையும் வெயிலையும் பார்த்துவிட்டுத்தான் அது நுனிக்கு வந்திருக்கிறது.

சின்ன வயதில் கொக்குக் கூட்டம் பறந்தால் நகத்தை நீட்டிப் பூக் கேட்போம் அல்லவா? நகத்தில் விழும் அந்த வெள்ளைப் புள்ளிகளுக்கும் இதே கணக்குத்தான். கால்சியம் குறைந்ததால் அவை வருகின்றன என்று பலர் நம்புகிறார்கள். நகத்தில் கால்சியம் மிகச் சிறிய அளவுதான் இருக்கிறது. பிறந்த இடத்தில் பட்ட சிறு அடியே பெரும்பாலும் காரணம். புள்ளி நகத்தின் அடியிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு விரலை எங்கேயோ இடித்திருக்கிறீர்கள்.

இனி வடிவத்துக்கு வருகிறேன். பிறையின் முன்விளிம்பு எந்த வளைவில் இருக்கிறதோ, அதைத் தழுவியே நுனி விளிம்பும் இயல்பாக அமைகிறது என்று தோல் மருத்துவம் சொல்கிறது. பிறை பரந்து மழுங்கி இருந்தால் நுனியும் பரந்து வளரும். பிறை கூடுதலாக வளைந்திருந்தால் நுனியும் வளைந்து வரும். அக்கா மகளின் பிறைகள் நன்கு வளைந்தவை. என்னுடையவை பரந்தவை. பாதாம் வடிவம் அவள் நகத்தில் ஏற்கெனவே பாதி இருந்தது; என் நகத்தில் அதை இருபுறமும் ராவித்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

ராவியதில் என்ன கெட்டது? இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகத் துண்டுகளை வெட்டி, வெட்ட எவ்வளவு ஆற்றல் பிடிக்கிறது என்று அளந்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். நகத்தை நீளவாட்டில் வெட்டுவதற்கு, குறுக்கே வெட்டுவதைப் போல இரு மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. நகம் ஒரே பலகை போலத் தெரிந்தாலும் அது மூன்று அடுக்கு. நடு அடுக்கு தடிமனானது. அதிலுள்ள நீண்ட, ஒடுங்கிய செல்கள் விரலுக்குக் குறுக்காகப் படுத்திருக்கின்றன. கோரைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கோரை ஓடும் திசையில் பாய் எளிதாகப் பிரியும். கோரைகளை அறுத்துக்கொண்டு போவது கடினம். நகமும் அப்படியே. நுனியில் விழும் கீறல் அடியை நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. நகம் கடிப்பவர்கள் இதைப் பல்லாலேயே அறிந்திருப்பார்கள். இந்தக் குறுக்குப் பின்னல் இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு கீறலும் பிறைவரை போய்விடும்.

மேலும் கீழும் உள்ள மெல்லிய அடுக்குகளுக்கு வேறு வேலை. அவற்றின் செல்கள் ஓடு வேய்ந்தது போல எல்லாத் திசையிலும் ஒரே வலுவோடு இருக்கின்றன. அவை நகத்தின் ஓரத்தையும் சுற்றி மூடி, கீறல் தொடங்கவே விடாமல் தடுக்கின்றன என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். நுனியை ஒடுக்க வேண்டும் என்று பக்கவாட்டு ஓரங்களை ஆழமாக ராவும்போது நாம் உரிப்பது இந்த உறையைத்தான். காப்பு போன ஓரத்தில் கீறல் தொடங்கும். தொடங்கியது நடு அடுக்கின் பின்னலோடு சேர்ந்து குறுக்கே ஓடும். கீரை உருவிய அன்று என் விரலில் நடந்தது அதுவே.

நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சதையைத் தாண்டி நீண்ட நகம், சுவரில் ஒரு முனையைப் பதித்துவிட்ட பலகை போன்றது. அப்படிப்பட்ட பலகையின் நீளத்தை இரு மடங்காக்கி நுனியில் அதே விசையைக் கொடுத்தால், அது எட்டு மடங்கு வளையும். 2 மில்லிமீட்டர் நீட்டிய நகத்துக்கும் 4 மில்லிமீட்டர் நீட்டிய நகத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். தாங்கும் திறனிலோ பெரிய இடைவெளி. வளையும் நகம் உடைந்தாலும் பரவாயில்லை. உடையாமல் நெம்புகோலாகி, அடியிலுள்ள சதையிலிருந்து தன்னைத் தானே பெயர்த்துக்கொள்வதுதான் மோசம். நகமும் சதையும் போல என்று ஒட்டுறவுக்கு உவமை சொல்கிறோம். அந்த ஒட்டு பிரிந்த இடம் வெளுத்துத் தெரியும். அதற்குள் ஈரமும் பூஞ்சையும் குடிபுகும். சீனத்தில் சிங் வம்ச அரசவைப் பெண்கள் நீண்ட நகங்களுக்கு வெள்ளியிலும் பொன்னிலும் உறை செய்து மாட்டிக்கொண்டார்கள். அந்த உறைகளை அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். நகத்தால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நீளம் அது.

குறுக்குவாட்டு வளைவும் சேர்ந்துதான் வலுவைத் தீர்மானிக்கிறது. ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கிவிடும். அதையே நீளவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். விரலை நுனிப்பக்கமிருந்து பார்த்தால் உங்கள் நகம் ஓடு போல வளைந்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்று தெரியும். வளைந்த நகம் கொஞ்சம் நீளத்தைத் தாங்கும். தட்டையான நகத்தை நீளமாக வளர்ப்பது, தொங்கும் தாளை நிமிர்த்தப் பார்ப்பது போலத்தான். தட்டை நகக்காரர்கள் குட்டையாக, உருண்ட நுனியோடு வைத்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு.

அப்படியானால் அழகு? கண் நகத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. விரலின் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறது. ஒரு கோடு போகிற போக்கில் தொடர்ந்தால் மனம் அதை ஒரே உருவமாக எடுத்துக்கொள்ளும், சட்டென்று திசை மாறினால் அங்கே ஒன்று முடிந்து வேறொன்று தொடங்குவதாக எடுத்துக்கொள்ளும். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-ல் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்து விளக்கிய விதிகளில் இதுவும் ஒன்று. விரலின் இரு பக்கக் கோடுகளும் நுனியை நோக்கி மெல்ல நெருங்குகின்றன. நகத்தின் ஓரங்களும் அதே சாய்வில் நெருங்கி முடிந்தால் விரலும் நகமும் ஒன்றாகிவிடும். விரல் நீண்டு தெரியும். விரலின் சாய்வைவிட வேகமாக நகம் ஒடுங்கினால் கண் அங்கே தடுக்கி நிற்கும். என் பாதாம் நகங்கள் தனியாக ஒட்டவைத்தது போலத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். பரந்த விரல்நுனியில் கூர்ந்த நகம், விரலின் அகலத்தை மறைப்பதில்லை. அதை எடுத்துக் காட்டுகிறது.

அகலமான, குட்டையான நகம் உள்ளவர்கள்தான் வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். நானும் அந்தக் கட்சி என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நகத்தின் அகலம் 12 மில்லிமீட்டர், இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியின் நீளம் 11 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தைவிட அகலம் கூடுதல். நுனியைச் சதுரமாக வெட்டினால் 12 மில்லிமீட்டர் அகலம் கடைசிவரை குறையாமல் வந்து ஒரு நேர்கோட்டில் முட்டுகிறது. கண் அகலத்தையே படிக்கும். அதே நகத்தை 2 மில்லிமீட்டர் வளரவிட்டு, நீட்டிய பகுதியின் இரு மூலைகளை மட்டும் உருட்டி முட்டை வடிவமாக்கினால் நீளம் 13 ஆகிறது. முழு அகலம் நுனிவரை வராமல், சதை முடியும் இடத்தோடு நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு மாத வளர்ச்சிகூட வேண்டாம். ராவுவது சதையைத் தாண்டிய பகுதியை மட்டும். சதையோடு ஒட்டிய பக்க ஓரங்களை அரம் தொடவே கூடாது. நகத்தைப் பலவீனமாக்காமல் அரத்தால் ஒடுக்கிக் காட்டும் வழி இது ஒன்றுதான்.

அந்த இளஞ்சிவப்புப் பகுதியையே நீளமாக்கவும் முடியும். நகக்கண்ணில் ஊசியோ குச்சியோ விட்டுத் தோண்டி அழுக்கெடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தோண்டத் தோண்ட நகத்துக்கும் சதைக்கும் உள்ள ஒட்டு பின்வாங்கி, வெள்ளைப் பகுதி ஏறிக்கொண்டே வரும். கடிப்பவர்களுக்கும் அப்படியே. தோண்டுவதையும் கடிப்பதையும் விட்டுவிட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவி வந்தால், சில மாதங்களில் பலருக்கு அந்த ஒட்டு கொஞ்சம் முன்னே வரும். எந்த வடிவமும் கொடுக்காத நீளத்தை இது கொடுக்கும்.

மற்றவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. நீண்டு மெலிந்த விரலும் ஒடுங்கிய நகமும் உள்ளவர்களுக்கு, மூலை மழுங்கிய சதுரம் விரலுக்குக் கொஞ்சம் பரப்பைக் கூட்டிப் பொருந்தும். நுனியை நோக்கி விசிறி போல விரியும் நகத்தை வட்டமாகவும் குட்டையாகவும் வைத்தால் போதும். கட்டைவிரலை மற்ற நான்கோடு ஒப்பிட வேண்டாம். சிலருக்குக் கட்டைவிரலின் நுனி எலும்பே பிறவியிலேயே குட்டை. நகம் நீளத்தைவிட அகலமாக இருக்கும். அது நோயல்ல, குடும்பத்தில் வரும் அமைப்பு.

நிறமும் வடிவத்தில் பாதி வேலை செய்கிறது. கரும்பின்னணியில் வெளிர்ந்த பொருள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒளிரும் கோள்கள் வெறுங்கண்ணுக்குப் பெருத்துத் தெரிவதைப் பற்றிக் கலிலியோவே எழுதியிருக்கிறார். நம் மாநிற, கறுப்பு விரல்களில் வெள்ளையும் வெளிர் ரோஜாவும் பூசிய நகம் பெரிதாகத் துருத்தித் தெரிவது அதனால்தான். தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள பழுப்பு, செம்பு, அடர்சிவப்பு பூசினால் எல்லைக்கோடு மங்கி நகம் விரலோடு கலந்துவிடும். அகல நகத்தில் இரு பக்கமும் நூலிழை அளவு பூசாமல் விட்டால் இன்னும் ஒடுங்கித் தெரியும்.

மருதாணித் தொப்பியின் அழகும் இதில் அடங்கியதே. விரல்நுனியில் கணுவரை அரைத்து வைக்கும்போது, அதிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் தோலின் கெரட்டினோடும் நகத்தின் கெரட்டினோடும் ஒன்றுபோலப் பிணைகிறது. தோலும் நகமும் ஒரே சிவப்பாகி, நகம் எங்கே தொடங்குகிறது என்பதே மறைந்துவிடும். சதுரமோ வட்டமோ, நுனியின் வடிவத்தைப் பற்றி நம் பாட்டிகள் கவலைப்படத் தேவையே இருக்கவில்லை. தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் அங்கே சாயம் இரண்டு மூன்று வாரங்களில் போய்விடும். நகம் உதிர்வதில்லை, வளர்ந்து வெட்டுப்படும்வரை, மாதக்கணக்கில், சிவப்பு அங்கேயே இருக்கும்.

கை என்ன வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். கீரை கிள்ளவும் பூண்டும் சின்ன வெங்காயமும் உரிக்கவும், சதையை 1 மில்லிமீட்டர் தாண்டிய உருண்ட கட்டைவிரல் நகம் போல் கருவி வேறில்லை. வீணை வாசிப்பவர்கள் பலர் வலக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகம் வளர்க்கிறார்கள். மிருதங்கக்காரர்கள் ஒட்ட வெட்டுகிறார்கள். நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பவர்கள் நகநுனியை அரை சென்டிமீட்டருக்குள் வைக்க வேண்டும், செயற்கை நகம் ஒட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி சொல்கிறது. கால்நகத்தை மட்டும் யாராக இருந்தாலும் நேராக வெட்டுங்கள். மூலையை வளைத்து உள்ளே வெட்டினால், வளரும் நகம் சதைக்குள் குத்தி இறங்கும்.

வெட்டும்போது நகவெட்டியை நடுவில் வைத்து ஒரே கடியாக அழுத்தாதீர்கள். வளைந்த நகத்தை நகவெட்டி தட்டையாக்கிப் பிளந்துவிடும். ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் கடியாக வாருங்கள். அரம் போடுவது காய்ந்த நகத்தில்தான். நகம் நீரை வேகமாகக் குடித்து ஊறும், வேகமாகக் காயும். குளித்தோ பாத்திரம் தேய்த்தோ வந்தவுடன் அது மெத்தென்று இருக்கும். அப்போது ராவினால் விளிம்பு ஏடு ஏடாகப் பிரியும். முன்னும் பின்னும் அறுப்பதுபோலத் தேய்க்காமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். முடிந்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பார்லரில் நகத்தின் அடியிலுள்ள மெல்லிய தோலை வெட்டி எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நகம் பிறக்கும் இடத்துக்குள் நீரும் கிருமியும் போகாமல் அடைத்துவைக்கும் முத்திரை அது. அதை வெட்டியவர்களுக்கு நகச்சுற்று வரும் வாய்ப்பு கூடுதல்.

என் நகங்கள் இப்போது குட்டையான முட்டை வடிவில் இருக்கின்றன, கீரையையும் தாங்குகின்றன. அக்கா மகள் பாதாமிலேயே இருக்கிறாள், அவளுக்கு அது பொருத்தம்.

கடைசியாக ஒன்று. பிறந்தது முதல் உங்களுக்கு இருந்த வடிவத்தை அரத்தால் கொஞ்சம் திருத்தலாம். நகம் தானாக வடிவம் மாறினால் அரத்தை எடுக்காதீர்கள். நடுவில் குழிந்து, ஒரு சொட்டு நீர் தங்கும் அளவுக்குக் கரண்டி போல ஆகியிருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். விரல்நுனி உருண்டு, நகம் கிளிஞ்சல் போலக் கவிந்து வந்தால் நுரையீரலையோ இதயத்தையோ சோதிக்க வேண்டியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரு கைகளின் ஒரே விரல்களை, ஆள்காட்டியோடு ஆள்காட்டியாக, நகத்தோடு நகம் படும்படி முதுகுக்கு முதுகு ஒட்டவையுங்கள். நகங்களின் அடியில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத் தன் சொந்த நோயின்போது தன் விரல்களில் கவனித்து, 1976-ல் எழுதிய சோதனை இது. இன்று ஒருமுறை செய்து பாருங்கள். இடைவெளி இல்லாவிட்டால் பார்லருக்குப் போகும் முன் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.